துருக்கி வால்நட்டும் தோணிப்பட்டறைப் பூவரசும்

நம்ம கடைக்குப் புதுசா சேந்திருக்கிற மூணு பேருக்கும் முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். வர்ற ஆளுக உக்கார பெஞ்ச் எங்கன்னு முதலாளிகிட்ட மட்டும் கேட்டுராதீங்க. கேட்டா அவரு பதில் சொல்ல மாட்டாரு. ரோட்டப் பாத்துக்கிட்டு என் பேரச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவாரு. அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. அதத்தான் இன்னைக்குச் சொல்லுதேன்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். கழுத்துல காலர் மாட்டிக்கிட்டு, வாரத்துக்கு ஒரு தடவ கடைக்கு வந்து, எல்லாரு வேலையிலயும் குத்தம் சொல்லிட்டு, டீயக் குடிச்சிட்டுப் போற ஆளு. பேரு செல்வம். ரொம்ப வருஷம் இங்கனதான், துப்பாக்கிக்குக் கட்டை போடுத சோலி. லைசென்ஸோட வர்ற பழைய ரெட்டக்குழல் துப்பாக்கி எல்லாம் அப்பன், பாட்டன் வாங்கிப் போட்ட சீமைச் சரக்கு. இரும்பு கல்லு மாதிரி இருக்கும், கட்டை மட்டும் உளுத்தோ ஒடைஞ்சோ வரும். அதக் கழத்திட்டு, புதுசா ஒரு மரத்த எடுத்துச் செதுக்கி மாட்டணும்.

குனிஞ்சு குனிஞ்சு செதுக்குனதுல என் கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு. டாக்டர் "இனிமே குனியவே கூடாது"ன்னுட்டாரு. ஊர்ல உள்ள துப்பாக்கிக்கெல்லாம் கழுத்து வச்சுக் குடுத்தவன், கடைசியில சொந்தக் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கிட்டு அலையுதேன். அம்பது தாண்டுன கையோட ரிட்டையர். வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரே சந்தோசம். "இப்பமாவது தல நிமிந்து நடக்கீகளே"ங்கா.

எப்படிச் செதுக்கணும், எப்படி எண்ணெ ஏத்தணும், அதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. கூட நின்னு பாத்தா தன்னால வந்துரும். ஒரு கட்டையப் பாத்து "நீ வேண்டாம்"னு எப்படிச் சொல்லுதது, அதுதான் வராது. எனக்கு வரவே இல்ல. வந்த அன்னைக்கும் வேர்த்து விறுவிறுத்துத்தான் வந்துச்சு.

நம்ம கடையில ஒரு வழக்கம் உண்டுல்லா, குத்தம் பாக்கது. புதுக் கட்டை வந்தா மேசையில போட்டு, கடையில இருக்கிற ஒவ்வொருத்தனும் அதுல ஒரு குத்தம் சொல்லணும். எவனாவது "நல்லாருக்கு"ன்னு வாயத் தொறந்தான்னா, எல்லாருக்கும் டீ அவன் கணக்கு. நீங்க வந்த மறுநாளே உங்கள்ல ஒருத்தன் மாட்டிக்கிட்டதாக் கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோசம். ஏன் இந்த வழக்கம்னா, மரங்கிறது மினுக்குத சாதி. முத்தையாபுரம் பக்கம் மரக்கடைக்குப் போய்ப் பாருங்க. ஈரத் துணிய வச்சு ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவான். உள்ள இருக்கிற வரியும் சுழியும், நாம பூவுன்னு சொல்லுதது, எல்லாம் சினிமாப் போஸ்டர் மாதிரி எந்திரிச்சு வரும். நாம வாயப் பொளந்துக்கிட்டு நிப்போம். வீட்டுக்கு வந்து காஞ்ச பொறவு பாத்தா, நமக்கும் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

இப்ப கதைக்கு வாரேன்.

நாசரேத்துல இருந்து ஒரு டீச்சர் வருவாங்க. ஹெப்சிபா டீச்சர். ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தவங்க. கட்டையா, குள்ளமா, விசில் மாதிரி குரலு. அவங்க அப்பா சாகும்போது விட்டுட்டுப் போன ரெட்டக்குழல் ஒண்ணு, லைசென்ஸ முறையா தன் பேருக்கு மாத்தி வச்சிருந்தாங்க. வானத்துல விட்டெறியுத மண் தட்டப் பறக்கும்போதே சுடுவாங்கல்லா, அந்தப் போட்டிக்குப் போவாங்க. சின்ன வயசுல அப்பா கூடப் போய்ப் பழகுனது. அந்த வருஷம் கிளப்புல இருந்து ஸ்டேட் மேட்சுக்கு டீச்சரையும் சேத்திருந்தாங்க.

ஆனா துப்பாக்கி ரெண்டாக் கெடந்துச்சு. ஒடச்சது டீச்சரோட தம்பி, எட்வின் சார். கப்பல்ல சீஃப் இஞ்சினியர். அதுக்கு முந்துன லீவுல, "நான் தூக்கி வைக்கேன்க்கா"ன்னு பெட்டியக் கார் டிக்கியில வைக்கப் போயி, கைநழுவி, சிமெண்டுப் படியில கட்டையோட கழுத்து பட்டு டக்குனு போச்சு.

டீச்சர் ஒரு வார்த்த திட்டல. அதுதான் அவருக்குத் தாங்கல. திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

"எனக்கு அடுத்த வருஷம் தோளு கேக்குமோ கேக்காதோ செல்வம்"னாங்க டீச்சர், ஒடைஞ்சத என் மேசையில வச்சுக்கிட்டு. "அப்பா துப்பாக்கியால ஒரே ஒரு ஸ்டேட் மேட்ச் சுட்டுறணும். கிளப் துப்பாக்கில பழகுதேன், அது எனக்கு அடுத்த வீட்டுச் செருப்பு மாதிரி இருக்கு."

எங்ககிட்ட அப்ப நல்ல கட்டை ஒண்ணும் இல்ல. தம்பி கப்பல்ல இருந்து போன் போட்டு, "யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம், கட்டைய நான் கொண்டு வாரேன்"னுட்டாரு. மேட்சுக்கு மாசக்கணக்குல நாள் இருந்துச்சு. காத்திருந்தோம். நாளு கரைஞ்சு ஒரு மாசம் கூட இல்லங்கிறப்ப, ஒருநா மத்தியானம் அக்காளும் தம்பியும் கடைக்குள்ள வந்தாங்க. தம்பி கையில, கப்பல்ல வேலைக்கு மாட்டுத பாய்லர் சூட் உடுப்புக்குள்ள பச்சப்புள்ள மாதிரி சுருட்டி வச்ச ஒரு பொட்டலம்.

அவுத்தாரு. நானும் மாரியப்பனும் நிக்கோம். மாரியப்பன உங்களுக்குத் தெரியும், இரும்பு வேலைக்காரன், லேசுல சிரிக்க மாட்டான். அவன் வாயே தொறந்துருச்சு.

துருக்கி வால்நட். தேன் கலரு. அதுக்குள்ள கருப்பு வரி, பொகை சுத்துத மாதிரி, கடல்ல எண்ணெ மெதக்குத மாதிரி. ஈரத் துணியே தேவையில்ல. சும்மாக் கெடந்தே மினுக்குச்சு.

"எப்படி? சூப்பர்லா?"ன்னாரு எட்வின் சார்.

நானும் மாரியப்பனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். டீ உறுதி. ஆனா வெளிய இருந்து வந்தவருக்கு நம்ம வழக்கம் தெரியாதுல்லா, சும்மா இருந்துட்டோம்.

முறைக்குக் குத்தம் சொல்லணுமே. மாரியப்பன் தலையச் சொறிஞ்சிட்டு, "இவ்ளோ அழகா இருக்கதுதான் குத்தம்"னான். நான் மோந்து பாத்துட்டு, "வாசனை கொஞ்சம் கம்மி"ன்னேன். வெக்கங்கெட்ட குத்தம். பொண்ணுக்குக் காது சின்னதா இருக்குன்னு சொல்லுத மாதிரி. ரெண்டு பேரும் விழுந்துட்டோம், அம்புட்டுதான்.

அன்னைக்கு முதலாளி கடையில இல்ல. ஒரு கண்ணு ஏற்கனவே மங்கல், இன்னொரு கண்ணுல ஆபரேஷன் செஞ்சு கட்டுப் போட்டு வீட்டுல படுத்திருந்தாரு. போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்பிட்டுப் போன் அடிச்சேன். முதல்ல அவரு வீட்டம்மா எடுத்தாங்க.

"செல்வம், எம்புட்டு அழகா இருக்கு!"

பின்னால இருந்து முதலாளி குரல் கேக்கு. "ஏளா, நீ டீ வாங்கணும். போனக் குடு."

வாங்குனாரு. "என்னலே கட்டை?"

"அண்ணாச்சி, பூவு இருக்கே, அப்படியே பொகை மாதிரி..."

"மல்லிப்பூ வாங்கவா ஒன்ன வச்சிருக்கேன்? பூவ விடு. கழுத்துல கோடு எப்படி ஓடுது?"

இந்த எடத்துல உங்களுக்கு ஒண்ணு வெளக்கிருதேன். துப்பாக்கிக் கட்டை தோள்ல முட்டுத வாலு பக்கம் அகலம், இரும்போட சேருத பக்கம் தடிமன். நடுவுல நாம கையால புடிக்கிற எடம் மெலிஞ்சு, வளைஞ்சு இருக்கும். அதுதான் கழுத்து. வெடிச்சதும் வர்ற ஒதை பூராவும் அந்த மெலிஞ்ச எடத்து வழியாத்தான் தோளுக்குப் போகும். மரத்தோட கோடு கழுத்தோட சேந்து நீளவாக்குல ஓடுச்சுன்னா நிக்கும். குறுக்க போச்சுன்னா நம்மூரு பேக்கரி மக்ரூன் மாதிரி பொலபொலன்னு போயிரும்.

நான் அப்பத்தான் கட்டையக் கழுத்து எடத்துல பாத்தேன். அது வரைக்கும் பூவத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

"அது... கொஞ்சம்... பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"பாத்துட்டா? கண்ணு கட்டியிருக்கது எனக்காலே, ஒனக்காலே?"

அதுக்குள்ள வீட்டம்மா போனப் புடுங்கி, "டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு, வைங்க"ன்னு வச்சிட்டாங்க. கடையில இப்ப முடிவு சொல்ல வேண்டிய ஆளு நான் ஒருத்தந்தான். எதிர்ல அக்காளும் தம்பியும்.

பிளைவுட்டுல வெட்டுன அச்ச எடுத்துக் கட்டை மேல வச்சேன், பென்சிலால சுத்திக் கோடு போட்டேன். வாலு பக்கம் அந்தப் பூவு பிரமாதமா உக்காருது. கழுத்துல வந்தா வரி எல்லாம் சாஞ்சு, குறுக்க வெட்டிக்கிட்டுப் போகுது. அச்சத் திருப்புனேன். கழுத்து நேராச்சு, வாலு பாதி கட்டைக்கு வெளிய தொங்குது. கவுத்துப் போட்டேன். தலைகீழா வச்சேன். மாரியப்பன் என் மொகத்தப் பாக்கான். அவனுக்குப் புரிஞ்சு போச்சு. உடனே, "அரம் எங்க வச்சேன்"னு உள்ள போயிட்டான். இரும்பு வேலைக்காரன் எப்பவும் சரியான நேரத்துக்கு அரம் தேடுவான், கவனிச்சுக்கோங்க.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நெஞ்ச நிமித்தி உண்மையச் சொன்னேன்னு நெனைக்காதீங்க. தொண்டையச் செருமிட்டு, "கட்டையில கொஞ்சம் ஈரம் இருக்க மாதிரி தெரியுது சார். இன்னும் காயணும்"னேன். நாள் கடத்திரலாம், முதலாளி வந்து சொல்லிக்கிடட்டும்னு.

எட்வின் சார் பைக்குள்ள கைய விட்டாரு. ரெண்டு ஊசி வச்ச ஒரு சின்ன மீட்டர எடுத்தாரு. ஈரம் பாக்குத மீட்டர். இஞ்சினியர்கிட்ட பொய் சொல்லுததுக்கு முன்னால அவரு பையப் பாத்துக்கிடணும். கட்டையில மூணு எடத்துல குத்திப் பாத்தாரு.

"கட்டை நல்லாக் காஞ்சிருக்கு அண்ணாச்சி. நீங்கதான் வேர்த்திருக்கீங்க."

டீச்சர் சிரிச்சிட்டாங்க. சரி, இதுக்கு மேல ஓட எடமில்ல. சொன்னேன்.

"சார், கட்டை தங்கம். நான் பொறந்ததுல இருந்து இப்படி ஒண்ணு பாத்ததில்ல. ஆனா கழுத்துல கோடு குறுக்க ஓடுது. இங்க பாருங்க. இத வச்சு நான் செய்ய மாட்டேன்."

அவரு மொகம் மாறிருச்சு. "இத எடுக்கதுக்கு நான் எத்தன கடை ஏறி எறங்குனேன்னு தெரியுமா? அவனே துப்பாக்கிக் கட்டைன்னு சொல்லித்தான் குடுத்தான்."

"துப்பாக்கிக் கட்டைதான் சார். வேற அளவு துப்பாக்கிக்குச் சரியா இருக்கும். இந்தத் துப்பாக்கி நீளத்துக்கு, கழுத்து போய் அந்த எடத்துல விழுது."

"அப்ப உள்ள ஓட்டை போட்டு ஸ்டீல் ராடு ஒண்ணு எறக்குங்க. போல்ட் வச்சு டைட் பண்ணுங்க. நிக்காதா?"

நிக்கும். அதுதான் சங்கடம். அப்படிச் செய்யுத ஆளுக இருக்காங்க, நானே ஒடைஞ்ச கட்டைக்குச் செஞ்சிருக்கேன். "முடியாது"ன்னு சொன்னாப் பொய்யாயிரும். ஏற்கனவே ஒரு பொய் சொல்லி மீட்டர்ல மாட்டிக்கிட்டாச்சு.

"நிக்கும் சார். எவ்வளவு நாளுன்னு எனக்குத் தெரியாது. உங்க கப்பல்ல ஷாஃப்ட்டுல ஒரு வெடிப்பு இருக்கு, வெல்டு வச்சா ஓடும். கெளம்புததுக்கு முன்னாலயே தெரிஞ்சா, வெல்டு வச்சுட்டுக் கெளம்புவீங்களா?"

அவரு மீட்டர எடுத்துப் பையில போட்டாரு. டீச்சர் அது வரைக்கும் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தவங்க, மேசைகிட்ட வந்தாங்க. "செல்வம், நான் குறி பாக்கும்போது என் கன்னம் எங்க இருக்கும்?"

பென்சிலால தொட்டுக் காட்டுனேன். கழுத்துக்குக் கொஞ்சம் பின்னால. கழுத்து ஒடைஞ்சா மொத அடி அங்கதான்.

டீச்சர் அந்த எடத்த வெரலால தொட்டுப் பாத்தாங்க. பொறவு, "ஏலே எட்வின், நீ ஒடச்சதும் கழுத்துலதான். அதே எடத்துல ஒடையுததுக்குன்னு துருக்கி வரைக்கும் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கியேலே"ன்னாங்க.

சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க. அவருக்கு அது சிரிப்பாத் தெரியல. "என்னமும் செய்ங்க"ன்னுட்டு, பாய்லர் சூட்ட மட்டும் மடிச்சு எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. கட்டை மேசையிலயே கெடந்துச்சு. ரெண்டு நாளுல கப்பலுக்கும் கெளம்பிட்டாரு.

இப்ப என் நெலமையப் பாருங்க. வேண்டாம்னு சொல்லியாச்சு, வேணும்னு சொல்ல கையில ஒண்ணும் இல்ல. கையில இன்னொண்ணு இருந்தா வேண்டாம்னு சொல்லுதது சுளுவு. இல்லாதப்பவும் சொல்லித்தான் ஆகணும். ஆனா சொன்ன அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது, அதையும் சொல்லிருதேன்.

மரக்கடை மரக்கடையா அலைஞ்சேன். தேக்கு பாத்தேன். இருந்தது நேத்து கப்பல்ல எறங்குன ஈர மரம். ஈட்டி மரம் பாத்தேன். டீச்சர் தூக்குனா அப்படியே முன்னால சாஞ்சிருவாங்க, அம்புட்டு கனம். ஒரு கடைக்காரன் என்னையே பாத்து, "அண்ணாச்சி, நீங்க மரம் வாங்க வாரீகளா, மரத்துக்கு மாப்ள பாக்க வாரீகளா?"ன்னு கேட்டான்.

கடைசியில ஒருநா மத்தியானம், பழைய துறைமுகம் பக்கம் தோணி கட்டுத பட்டறைக்குப் போனேன். மரம் தேடின்னு பெருமையாச் சொல்லிக்கிடலாம். உண்மையச் சொன்னா, அங்க மேஸ்திரி எனக்குப் பழக்கம், அவரு வீட்டுச் சாளை மீன் கொழம்பும் எனக்குப் பழக்கம். அவிய எல்லாரும் கொட்டகைக்குள்ள ஒரு கட்டை மேல வரிசையா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நானும் போய் ஓரத்துல ஒட்டிக்கிட்டேன்.

சாப்பிட்டுக்கிட்டே என் சோகத்தச் சொல்லுதேன். கையாட்டிப் பேசுதது நமக்குப் பொறவிக் கொணம். ஆட்டுன ஆட்டுல தட்டு சரிஞ்சு, கொழம்பு பாதி வேட்டியில, பாதி உக்காந்திருந்த கட்டையில.

வேட்டியப் பாக்கணும். நான் கட்டையப் பாத்தேன். கொழம்பு பட்ட எடத்துல கோடு எந்திரிச்சு வந்துருச்சு. மரக்கடைக்காரன் ஈரத் துணியில காட்டுவான், எனக்குச் சாளைக் கொழம்பு காட்டிக் குடுத்துச்சு. தோணிக்கு விலா எலும்பு மாதிரி உள்ள வைக்கிறதுக்கு வளைஞ்ச மரமாப் பாத்து எடுப்பாங்கல்லா, அதுல மிஞ்சுன ஒரு பூவரசு. மரம் வளையுத எடத்துல கோடும் சேந்து வளையுது. ஒரு எடத்துலயும் வெட்டிக்கிடல. என் கையி தன்னால அந்த வளைவப் புடிச்சுச்சு. கழுத்து! அப்படியே துப்பாக்கிக் கழுத்து!

"மேஸ்திரி, எந்திரிங்க."

"சோறு திங்க விடுடே."

"எல்லாரும் எந்திரிங்க. இந்தக் கட்டை எனக்கு வேணும்."

மேஸ்திரி என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "இது எங்க சீட்டு. எத்தன வருஷமா எத்தன பேரு குண்டி வச்சு வழவழன்னு ஆக்கி வச்சிருக்கோம். சும்மா தூக்கிட்டுப் போயிருவியோ?"

"வேற மரம் வாங்கித் தாரேன்."

"மரம் எங்ககிட்ட கெடக்கு. ஒக்கார எடந்தான் வேணும்."

"நாலு பிளாஸ்டிக் சேர் தாரேன்."

"நம்ம லூர்து ஒக்காந்தா பிளாஸ்டிக் சேர் தாங்குமாடே? அவனப் பாரு."

லூர்தப் பாத்தேன். தாங்காது.

அதுக்கப்புறம் என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே இப்பப் புரிஞ்சிருக்கும். கடையில இருந்த தேக்கு பெஞ்ச், முதலாளியோட அப்பா காலத்துல இருந்து கெடந்தது, ஒரு மணி நேரத்துல லோடு ஆட்டோவுல தோணிப்பட்டறைக்குப் போயிருச்சு. திரும்பி வர்ற ஆட்டோவுல கொழம்பு வாடையோட பூவரசு வந்துச்சு. இன்னைக்கும் அங்கன போனா லூர்து அதுமேல ராஜா மாதிரி உக்காந்திருப்பான்.

கட்டைய மேசையில போட்டோம். மாரியப்பனுக்குக் கொண்டாட்டம். குத்தம் சொல்ல இப்படி ஒரு கட்டை அவனுக்குக் கெடச்சதே இல்ல.

"மீன் வாடை அடிக்கி."

"சரி."

"வாலுல ஆணி ஓட்டை."

"அது வெட்டுல போயிரும்."

"கருப்பட்டிப் பாகு கருகுன மாதிரி ஒரு நெறம். பூவு கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

"கழுத்து?"

குனிஞ்சான். கண்ணாடியத் தூக்கிவிட்டுட்டுப் பாத்தான். தட்டிப் பாத்தான். கட்டை டிங்குன்னுச்சு. மறுபக்கம் போய்ப் பாத்தான்.

"கழுத்துல ஒண்ணும் சொல்ல முடியலடே"ன்னான், அவனுக்கே வருத்தமா.

குத்தம் சொல்லுதது இந்த எடத்துல வந்து நிக்கத்தான், தம்பிகளா. ஒம்பது குத்தம் இருக்கட்டும், பரவாயில்ல. எந்தக் குத்தம் ஆளக் கொல்லும், எது வெறும் வாடை, அதப் பிரிக்கத் தெரிஞ்சாப் போதும்.

டீச்சர் வந்து பாத்தாங்க. நான் கொஞ்சம் பயந்துக்கிட்டேதான் இருந்தேன். பொகை மாதிரி வால்நட்டப் பாத்த கண்ணுக்கு இத எப்படிக் காட்டுதது? ஆனா பேரச் சொன்னதும் அவங்க மொகம் அப்படியே மலர்ந்துருச்சு.

"பூவரசா! சின்னப் புள்ளைல எல எடுத்துச் சுருட்டிப் பீப்பி ஊதுவோமே, அதுவா? ஸ்கூல்ல நான் விசில் அடிச்சா, பின்னால பயலுவ பூவரசு பீப்பி ஊதிக் காட்டுவானுவ. எத்தன பேர வெரட்டியிருக்கேன்!" கட்டைய ஒரு தட்டு தட்டுனாங்க. "சரி, கடைசியில இது என் தோளுக்கே வந்துருச்சு. போடுங்க."

துருக்கிக் கட்டைய என்ன செய்ய? அது மேசையில கெடந்து எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. டீச்சர் அதத் தடவிக்கிட்டே, "அவன் கப்பல் முழுக்க இதக் கட்டிப்புடிச்சுக்கிட்டே வந்திருப்பான்"ன்னாங்க. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. குழலுக்கு அடியில இடது கை தாங்கிப் புடிக்கிறதுக்கு ஒரு முன்கட்டை உண்டுல்லா, அதுக்கு ஒதை கெடையாது, கழுத்தும் கெடையாது. கட்டையோட ஓரத்துல நல்ல பூவாப் பாத்து வெட்டி, அந்த முன்கட்டைய மட்டும் துருக்கியில செஞ்சேன். எண்ணெ ஏறுன பொறவு பூவரசு செவந்து கருத்து, வால்நட்டுக்குப் பக்கத்துல உக்கார ஒரு லச்சணம் வந்துருச்சு. தூக்குத கையில தம்பி கட்டை, ஒதை வாங்குதது தோணிக்காரங்க கட்டை.

மிச்ச வால்நட்ட மாரியப்பன் பலகையா அறுத்துட்டான். நான் போட்ட பென்சில் கோடு ஒரு பலகையில அப்படியே இருந்துச்சு. அது மேலயே வார்னிஷ் அடிச்சு, கடைக்கு டீ ட்ரே ஆக்கிட்டோம்.

நடுவுல முதலாளி வந்தாரு, கட்டு அவுத்து, கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. புதுக் கண்ணுல உலகத்தப் பாக்கப் போறாரு, என் வேலையப் பாத்து அசரப் போறாருன்னு வாசல்ல நின்னேன். அவரு உள்ள வந்து, கண்ணாடியக் கழத்தி, சுவரோரம் இருந்த வெறும் எடத்தப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"ஏலே, ஆபரேஷன் பெயிலியரா? பெஞ்ச் தெரியலையே."

சொன்னேன். அந்தப் பெருமூச்சு அன்னைக்குத்தான் பொறந்துச்சு. ஆனா பூவரசக் கையில எடுத்து, கழுத்துல கட்டவிரல வச்சு ஒரு தடவ தடவிட்டு, ஒண்ணும் சொல்லாமக் கீழ வச்சாரு. முதலாளிய உங்களுக்குத் தெரியும்லா. அதுக்கு மேல அவருகிட்ட சர்ட்டிபிகேட் கெடையாது.

டீச்சர் மேட்சுக்குப் போனாங்க. மெடல் எல்லாம் வரல, நான் கதைக்காக வாங்கிக் குடுக்க மாட்டேன். ஆனா கடைசித் தட்டு வரைக்கும் அப்பா துப்பாக்கியாலயே சுட்டு முடிச்சாங்க. திரும்பி வந்து துப்பாக்கிய மேசையில வச்சுட்டு, தோளப் புடிச்சுக்கிட்டு, "என் தோளுதான் ஆடிப் போச்சு செல்வம். பீப்பி அசையல"ன்னாங்க. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தோம், கழுத்துல ஒரு மயிரிழை வெடிப்பு கூட இல்ல.

அடுத்த லீவுல எட்வின் சார் வந்தாரு. அக்காதான் இழுத்துட்டு வந்தாங்க. அவரு மொகத்துல இன்னும் பழைய கோவம், கடல் உப்பு மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. டீச்சர் துப்பாக்கிய எடுத்து அவரு கையில குடுத்தாங்க. இடது கை போய் முன்கட்டையில உக்காந்துச்சு. கீழ குனிஞ்சு பாத்தாரு. அவரு கட்டை, அவரு பொகை.

"இது... நம்ம துருக்கியா?"

"புடிச்சுப் பாருல"ன்னாங்க டீச்சர். "நான் தூக்கும்போதெல்லாம் ஒன்னையத்தான் புடிச்சுக்கிட்டு நிக்கேன்."

அவரு துப்பாக்கியக் கீழ வைக்கல. நமக்கு இந்த மாதிரி நேரத்துல சும்மா நிக்க வராது. டீ எடுத்துட்டு வாரேன்னு பின்னால போனேன். அப்பத்தான் எனக்குப் புதுசாக் கழுத்துக் காலர் மாட்டியிருந்த சமயம். நேரா மட்டுந்தான் பாக்க முடியும், காலடி தெரியாது. ட்ரே நெறையக் கிளாஸோட ராஜநடை நடந்து வாரேன், வாசப்படி இருக்கது மறந்து போச்சு.

கிளாஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ட்ரே ஒரு பக்கம். எனக்கு ஒண்ணும் ஆகல. ட்ரே ரெண்டாப் போச்சு.

எட்வின் சார்தான் குனிஞ்சு ரெண்டு துண்டையும் எடுத்தாரு. எடுத்தவரு வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு. வார்னிஷுக்கு அடியில என் பென்சில் கோடு தெரியுது. கழுத்துன்னு நான் வரைஞ்சிருந்தேன்ல, சரியா அந்த மெலிஞ்ச எடத்துல, குறுக்க, மக்ரூன் மாதிரி ஒடைஞ்சிருக்கு. மெல்லிசுப் பலகை, எங்க விழுந்தாலும் ஒடையத்தான் செய்யும்னு நீங்க சொல்லுவீங்க. சரிதான். நானும் அதத்தான் சொன்னேன் அவருகிட்ட. இப்ப உங்க டீ கிளாஸ் இருக்கிற ட்ரே, நடுவுல ஒட்டுப் போட்டது, அதேதான். கிளாஸ எடுத்துட்டுப் பாத்துக்கோங்க, கோடு இன்னும் அழியல.

அவரு ரெண்டு துண்டையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாத்தாரு. அக்கா மொகத்தப் பாத்தாரு, அவங்க கன்னத்தப் பாத்தாரு. அப்புறம் எம்பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அன்னைக்கு நான் வந்த உடனே 'சூப்பர்லா'ன்னு சொன்னேன்ல?"ன்னு கேட்டாரு. நம்ம வழக்கத்த யாரோ சொல்லியிருக்காங்க. மாரியப்பனாத்தான் இருக்கணும், அந்நேரம் பாத்து அவன் அரம் தேடிக்கிட்டு இருந்தான்.

"ஆமா சார். சொன்னீங்க."

"அப்ப எல்லாருக்கும் டீ எம்பேர்ல."

"ஏலே, வடையும் சேத்துச் சொல்லு"ன்னாங்க டீச்சர்.

டீ வந்துச்சு, வடை வந்துச்சு. முதலாளி, அக்கா, தம்பி, மாரியப்பன், நான், எல்லாரும் சிரிச்சுப் பேசி ரொம்ப நேரம் குடிச்சோம். நின்னுக்கிட்டேதான்.